கொக்கிக்கு இரண்டு வேலை

1912 ஏப்ரல் 15, நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்கால் மணி இருக்கும். டைட்டானிக்கின் வலப்பக்கத்திலிருந்து இறக்கப்பட்ட 13ஆம் எண் உயிர்காப்புப் படகு கடலைத் தொட்டுவிட்டது. ஆனால் கப்பலின் பக்கவாட்டுத் துளை ஒன்றிலிருந்து பீறிட்டுக்கொண்டிருந்த நீர், படகைக் கப்பலின் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது. அங்கே, நேர் மேலே, 15ஆம் எண் படகு ஆள் நிறைந்து இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். கயிறு விடுகிறவர்கள் உயரத்தில் மேல்தளத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. துடுப்புப் போட்டு விலகிப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. படகை இறக்கிய கயிறுகள் அதன் இரு முனைகளிலும் இன்னும் பூட்டிக் கிடந்தன. பூட்டை விடுவிக்கும் முளை காலடியில் எங்கோ இருந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில், இருட்டில், யார் கைக்கும் அது அகப்படவில்லை. கடைசியில் கொதிகலன் அறைத் தொழிலாளி ஃபிரெடரிக் பாரெட் கத்தியால் கயிறுகளை அறுத்துவிட்டார். மேலிருந்து வந்த படகு தலையில் உட்காருவதற்கு முன் 13ஆம் படகு நழுவி வெளியேறியது.

இதை விரிவாக எழுதிவைத்தவர் அந்தப் படகிலேயே இருந்த லாரன்ஸ் பீஸ்லி. அவர் அறிவியல் ஆசிரியர். அதனால்தானோ என்னவோ, அழுகை, பிரார்த்தனையோடு கயிற்றையும் முளையையும் கவனித்திருக்கிறார்.

டைட்டானிக் என்றதும் படகு போதவில்லை என்ற கதைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. 20 படகுகளில் மொத்தம் 1,178 பேருக்குத்தான் இடம். கப்பலில் இருந்தவர்கள் 2,200க்கும் மேல். அந்தக் கணக்கு எளிது, அதற்கான தீர்வும் எளிது: இன்னும் படகு வை. 13ஆம் படகு காட்டிய சிக்கலுக்கு அப்படி ஒரு வரியில் தீர்வு கிடையாது. பெரிய கப்பலின் மேல்தளத்துக்கும் கடலின் மேற்பரப்புக்கும் நடுவே இருப்பது பதினைந்து, இருபது மீட்டர். அந்தத் தூரத்தைச் சிறிய படகு பத்திரமாகக் கடக்க வேண்டும், கடந்ததும் கப்பலிலிருந்து முழுசாக விடுபட வேண்டும். பொறியாளர்கள் இதோடு நூறாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தீர்வும் அடுத்த விபத்துக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலில் கையைப் பார்ப்போம், பிறகு கொக்கிக்கு வருவோம்.

படகைத் தூக்கிக் கப்பலுக்கு வெளியே நீட்டி இறக்கும் இரும்புக் கைகளுக்கு டேவிட் என்று பெயர். ஒரு படகுக்கு இரண்டு: முன்முனையான அணியத்துக்கு ஒன்று, பின்முனையான அமரத்துக்கு ஒன்று. பழைய டேவிட் என்பது தலை வளைந்த வெறும் இரும்புக் கம்பம். அதைச் சுழற்றிச் சுழற்றி, படகின் ஒரு முனையை முதலில் வெளியே தள்ளி, பிறகு மறு முனையைத் தள்ள வேண்டும். ஆள் பலம் நிறைய வேண்டும். கப்பல் ஆடும்போது படகு ஊஞ்சலாகிவிடும். போதாக்குறைக்கு, ஆண்டுக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்தால் துருவும் பூச்சும் சேர்ந்து எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். 1852இல் தென்னாப்பிரிக்கக் கரையோரம் பாறையில் மோதிய பிரிட்டிஷ் படைக்கப்பல் பிர்க்கன்ஹெட்டில் நடந்தது அதுதான். இருந்த படகுகளில் மூன்றை மட்டுமே இறக்க முடிந்தது.

ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஆக்சல் வெலின் இந்தக் கம்பத்தை மாற்றினார். அவருடைய டேவிட்டின் அடிப்பகுதி பல் வைத்த கால்வட்டம். தளத்தில் பதித்த பல்சட்டத்தின் மேல் அது உருளும். கைப்பிடியைச் சுற்றினால் திருகு நகர்ந்து, கை மொத்தமும் படகோடு சேர்ந்து வெளியே சாயும். இரு முனைகளும் ஒன்றாக வெளியேறும். டைட்டானிக்கில் இருந்தவை இந்த வெலின் டேவிட்கள்தான், பதினாறு ஜோடி. ஒவ்வொரு ஜோடியாலும் ஒன்றுக்கு மேற்பட்ட படகுகளைக் கையாள முடியும். அன்றிரவு அவை நன்றாகவே வேலை செய்தன. டைட்டானிக் பக்கவாட்டில் அதிகம் சாயாமல் மூக்கைக் கீழே விட்டு மெதுவாக அமிழ்ந்ததும், கடல் குளம்போலக் கிடந்ததும் அதற்குக் காரணம். மோதலிலிருந்து மூழ்கும்வரை இரண்டு மணி நாற்பது நிமிடம் கிடைத்தது.

மூன்றாண்டு கழித்து லூசிடேனியாவுக்குக் கிடைத்தது 18 நிமிடம். 1915 மே 7, அயர்லாந்தின் தெற்குக் கரைக்கு அருகே ஜெர்மானிய நீர்மூழ்கியின் குண்டு பட்டதும் கப்பல் வலப்பக்கம் சரிந்தது. டைட்டானிக்கின் பாடத்தைப் படித்த கப்பல் அது; 48 படகுகள் இருந்தன. ஆனால் வலப்பக்கப் படகுகள் கப்பலின் ஓரத்திலிருந்து வெகுதூரம் விலகித் தொங்கின. இடையில் பள்ளம்போலக் கடல். இடப்பக்கப் படகுகளோ உள்பக்கம் சாய்ந்து தளத்தின் மேலேயே விழுந்தன. வெளியே தள்ள முடிந்தவையும் கப்பலின் சரிந்த சுவரில், வரிசையாகத் துருத்தி நின்ற ரிவெட் தலைகளின் மேல் உரசி உடைந்தன. பத்திரமாக இறங்கியவை ஆறு. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். படகு எத்தனை இருந்தால் என்ன, கப்பல் சாய்ந்தால் அதில் பாதி இல்லாததற்குச் சமம்.

இன்றைய சர்வதேச விதி, கப்பல் எந்தப் பக்கமும் 20 பாகை சாய்ந்து, முன்னோ பின்னோ 10 பாகை தாழ்ந்த நிலையிலும் படகை இறக்க முடிய வேண்டும் என்கிறது. 20 பாகை என்பது சமரசத்தில் பிறந்த எல்லை, இயற்கை விதித்ததல்ல. 2012 ஜனவரியில் இத்தாலியின் கிலியோ தீவோரம் கோஸ்டா கான்கார்டியா அந்த எல்லையைத் தாண்டிச் சாய்ந்தபோது, உயர்ந்து நின்ற பக்கத்துப் படகுகள் லூசிடேனியா காலத்தைப் போலவே கப்பல் சுவரில் உரசி உரசி இறங்கின. அன்று படகில் ஏறும் உத்தரவே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வந்தது. சாயச் சாயக் காத்திருந்துவிட்டு டேவிட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

டேவிட்டின் இன்னொரு பெரிய மாற்றம், மனித பலத்தை விட்டுவிட்டுப் புவியீர்ப்பை நம்பியது. கப்பல் மூழ்கும்போது மின்சாரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே, இறக்கும் கருவி கப்பலின் மின்சாரத்தை நம்பியிருக்கக் கூடாது. புவியீர்ப்போ, முன்பே சேமித்துவைத்த இயந்திர ஆற்றலோ மட்டும் போதுமாக இருக்க வேண்டும் என்பது விதி. படகு தன் எடையாலேயே சாய்தளத் தடத்தில் உருண்டு வெளியே வரும். பிறகு தன் எடையாலேயே இறங்கும். மனிதர் செய்ய வேண்டியது பிரேக்கை எடுப்பது மட்டும்.

அந்தப் பிரேக் எளிய சமாசாரம் இல்லை. ஆட்களோடு எட்டு டன் எடையுள்ள படகு 20 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடையில்லாமல் விழுந்தால் இரண்டு நொடியில், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் நீரில் மோதும். அந்த ஆற்றல், ஏறத்தாழ 15 லட்சம் ஜூல், பிரேக்கில் வெப்பமாகப் போயாக வேண்டும். விதிப்படி அந்த உயரத்துக்கான குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். அப்படியானால் இருபத்தைந்து நொடிப் பயணம். சராசரியாக 60 கிலோவாட்டுக்கும் மேலான வெப்பம். இதற்கு, வடத்தைச் சுற்றிவைத்து விடும் வின்ச்சுக்குள் ஒரு மையவிலக்கு பிரேக் இருக்கிறது. உருளை வேகமாகச் சுழலச் சுழல, உள்ளே இருக்கும் எடைக்கட்டைகள் வெளிப்பக்கம் விரிந்து சுவரை அழுத்தும். அழுத்தம் கூடக் கூட வேகம் அடங்கும். படகு காலியாக இருந்தாலும் நிரம்பியிருந்தாலும் இறங்கும் வேகம் பெரிதாக மாறாதது இதனால்தான். அணியத்து வடத்தையும் அமரத்து வடத்தையும் ஒரே வின்ச் விடுவதால் இரு முனைகளும் ஒரே சீராக இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு முனைக்கும் தனித்தனி ஆட்கள் நின்று கயிறு விட்டார்கள். ஒருவர் அவசரப்பட்டால் போதும், படகு செங்குத்தாகி எல்லோரையும் கடலில் கொட்டிவிடும்.

இனி கொக்கி.

படகின் இரு முனைகளிலும் இருக்கும் கொக்கிகள், வடத்தின் நுனியிலுள்ள வளையத்தைப் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு வேலை. நீரைத் தொடும்வரை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. நீரைத் தொட்ட கணத்தில், இரண்டும் ஒன்றாக, தாமதமில்லாமல் திறக்க வேண்டும். ஒரே இரும்புத் துண்டிடம் இப்படி எதிரெதிரான இரண்டு குணங்களைக் கேட்கிறோம். இதில் ஒன்றை வலுப்படுத்தினால் மற்றது பலவீனமாகும்.

நீண்ட காலம் பொறியாளர்கள் முதல் வேலைக்கே முன்னுரிமை கொடுத்தார்கள். கொக்கியில் எடை தொங்கும்வரை அதைத் திறக்கவே முடியாது. படகு மிதந்து வடம் தளர்ந்த பிறகே திறக்கலாம். கேட்பதற்குப் பாதுகாப்பானதாகத்தான் இருக்கிறது. அமைதியான கடலில் பாதுகாப்பானதும்கூட. அலையடிக்கும் கடலில் வடம் தளர்வதே இல்லை என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. அலை எழும்போது ஒரு முனை தளரும், மறு முனை இறுகும். அலை இறங்கினால் மொத்தப் படகும் மறுபடி வடத்தில் தொங்கும்.

1980 மார்ச் 27 மாலை, வட கடலின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் தொழிலாளர் தங்குமிடமாக இருந்த மிதவை மேடை அலெக்சாண்டர் கீலண்டின் தாங்குகுழாய் ஒன்று முறிந்தது. ஒரு சிறிய பற்றவைப்பில் தொடங்கிய விரிசல் அது. மேடை உடனே 30 பாகைக்கு மேல் சாய்ந்தது. இருபது நிமிடம் போலத் தாக்குப்பிடித்துவிட்டுத் தலைகீழாகக் கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். ஆளுக்கு இடமில்லை என்ற பேச்சே அங்கே இல்லை: ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் ஏறக்கூடிய ஏழு படகுகள். அவற்றில் நான்கை இறக்கினார்கள். புயற்காற்றில் அலைகள் படகுகளைத் தூக்கி எறிந்துகொண்டிருக்க, கொக்கிகளில் எடை நீங்கவே இல்லை. வடத்திலிருந்து விடுபட முடிந்தது ஒரே ஒரு படகு. மற்றவை தொங்கியபடியே மேடையின் தூண்களில் மோதி நொறுங்கின. 68 ஆண்டு கழிந்தும் 13ஆம் படகின் அதே சிக்கல். இம்முறை கத்தியால் அறுக்கக் கயிறுகூட இல்லை, எஃகு வடம்.

கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை இதன் பிறகு மறுபக்கம் சாய்ந்தது. 1986 ஜூலை முதல் புதிய கப்பல்களின் படகுகளில், எடை தொங்கும்போதும் திறக்கக்கூடிய கொக்கி கட்டாயமானது. படகின் உள்ளே ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் இரு கொக்கிகளும் ஒரே நேரத்தில் திறக்கும். அந்தரத்தில் யாராவது தெரியாமல் இழுத்துவிட்டால்? அதற்காக அடிப்பக்கத்தில் நீரழுத்தத்தை உணரும் ஒரு தகடு. படகு நீரில் அமர்ந்து அழுத்தம் வந்தால்தான் நெம்புகோலின் பூட்டு விலகும். அவசரத்துக்கு இந்தப் பூட்டையும் மீறலாம். ஆனால் கண்ணாடியை உடைத்து, வேண்டுமென்றே செய்ய வேண்டும்.

காகிதத்தில் அருமையான தீர்வு. கடலில் அது ஆட்களைக் கொல்லத் தொடங்கியது, அதுவும் பயிற்சியின்போது. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை 2001இல் வெளியிட்ட ஆய்வு, தன் பத்தாண்டுப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. உயிர்காப்புப் படகுகளும் அவற்றை இறக்கும் கருவிகளும் 12 மாலுமிகளைக் கொன்றிருந்தன; 87 பேரைக் காயப்படுத்தியிருந்தன. அந்தக் கிளை விசாரித்த வணிகக் கப்பல் உயிரிழப்புகளில் இது 16 விழுக்காடு.

காரணத்தைத் தேடினால் கொக்கியின் வடிவியலுக்கே போக வேண்டும். பழைய வடிவங்கள் பலவற்றில், வளையம் இழுக்கும் விசையின் கோடு கொக்கியின் சுழலச்சு வழியாகச் செல்லாமல் சற்றுத் தள்ளிப் போகும். அதனால் தொங்கும் எடையே கொக்கியைத் திறக்கும் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருக்கும். அதைத் தடுத்து நிற்பது கொக்கியின் வாலை முட்டுக்கொடுத்திருக்கும் சிறிய அரைவட்ட அச்சு ஒன்று. வெளிப்பக்கம் திறக்கும் கதவை உள்ளிருந்து ஒரு கூட்டம் தள்ளிக்கொண்டிருக்க, ஒரே ஒரு தாழ்ப்பாள் தடுத்து நிற்கும் நிலை. அரைவட்ட அச்சு கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். அதை நெம்புகோலோடு இணைக்கும் கம்பியின் அளவு சிறிது பிசகியிருக்கலாம். கடைசியாக மூடும்போது முழுசாகத் திரும்பாமல், பார்வைக்கு மூடியதுபோல நின்றிருக்கலாம். ஒரு குலுக்கல் போதும். ஒரு கொக்கி திறந்தால் படகு செங்குத்தாகும், அடுத்த நொடி மற்ற கொக்கியும் பிய்ந்துபோகும்.

புதிய வடிவங்கள் அந்தக் கதவை மறுபக்கம் திருப்பிவைத்தன: கூட்டம் தள்ளத் தள்ளக் கதவு இன்னும் இறுகும். எடை தொங்கும்போது அந்த எடையே கொக்கியை மூடிப்பிடிக்கும். திறக்க வேண்டுமானால் நெம்புகோலின் பலத்தால் அந்தப் பிடியைக் கடக்க வேண்டும். இத்தகைய நிலையான கொக்கிகளுக்கான விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கப்பல்களின் கொக்கிகளையும் சோதித்து, தேறாதவற்றை 2019 ஜூலைக்குள் மாற்றியாக வேண்டும் என்றானது. அதுவரை என்ன செய்வது? 2009இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஓர் இடைக்கால வழி சொன்னது: கொக்கியோடு இன்னொரு பட்டையைப் படகுக்கும் வளையத்துக்கும் நடுவே மாட்டிவை, கொக்கி ஏமாற்றினாலும் பட்டை பிடித்துக்கொள்ளும். உலகின் மிக நுணுக்கமான கொக்கிகளில் ஒன்றைச் செய்துவிட்டு, அதை நம்பாமல் ஒரு பட்டையால் கட்டிவைத்தார்கள். எனக்கு இது பொறியியலின் தோல்வியாகத் தோன்றவில்லை. தன் கருவியின் குறையைத் தானே ஒப்புக்கொண்ட நேர்மையாகவே தோன்றுகிறது.

படகை இறக்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைத் திரும்ப ஏற்றுவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பயிற்சி முடிந்தாலும், கடலில் விழுந்தவரை மீட்டு வந்தாலும், படகு மறுபடி கப்பலின் மேல் ஏறியாக வேண்டும். இறங்குவதைவிட இது கடினம். குதிக்கும் படகில் நின்றபடி, ஆடிக்கொண்டிருக்கும் கனத்த வளையத்தைப் பிடித்து இரு கொக்கிகளிலும் மாட்ட வேண்டும். ஒன்றை மாட்டி மற்றதை மாட்டுவதற்குள் அலை இறங்கிவிட்டால் வடம் வெடுக்கென்று இழுபடும். அந்த இழுப்பின் அளவை எளிதில் மதிப்பிடலாம். தளர்ந்த வடத்தில் படகு அரை மீட்டர் விழுந்து, பிறகு வடம் 10 சென்டிமீட்டர் நீண்டு அதை நிறுத்துகிறது என்றால், உச்ச விசை படகின் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு. வடமும் கொக்கியும் தாங்க வேண்டிய பாதுகாப்பு விகிதம் ஆறு மடங்கு. இது கடுமையான கணக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அலையும் கூடவே இறங்குவதால் படகு பெரும்பாலும் அவ்வளவு தடையில்லாமல் விழுவதில்லை. ஆனால் அதே அரை மீட்டருக்கு நீட்சி அரை மீட்டராக இருந்தால் விசை நான்கு மடங்காகச் சுருங்கிவிடுகிறது என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது. அலைகடலில் படகை ஏற்றும்போது எஃகு வடத்துக்கும் கொக்கிக்கும் நடுவே நன்றாக நீளும் நைலான் கயிற்றை மாட்டுவதும், மீட்புப் படகு டேவிட்கள் சிலவற்றில் அலையோடு வடத்தைத் தானாக விட்டு இழுக்கும் வின்ச் வைப்பதும் இந்த நீட்சிக்காகத்தான்.

கொக்கியும் சரி, கடலும் அமைதி என்றாலும் வடம் இருக்கிறதே. 2013 பிப்ரவரி 10, கேனரித் தீவுகளில் லா பால்மா துறைமுகம். தாம்சன் மெஜெஸ்டி என்ற பயணிகள் கப்பல் பயிற்சிக்காக இறக்கிய படகை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டு மாலுமிகள். படகு தன் இடத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட நேரத்தில் அணியத்து வடம் அறுந்தது. படகு தலைகீழாகக் கடலில் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அறுந்த இடம், படகு கப்பலில் ஓய்வாக இருக்கும் நாளெல்லாம் கப்பியின் மேல் வளைந்து உட்கார்ந்திருக்கும் இடம். கிரீஸ் பூசுகிறவர் கை அங்கே போகாது. உப்பு நீர் போகும். எஃகு வடம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளித்தோற்றம் நன்றாகவே இருக்கும். சிதைவு தெரிந்தால் உடனே, இல்லாவிட்டாலும் ஐந்தாண்டுக்குள் வடத்தை மாற்ற வேண்டும் என்பது விதி; இந்த வடத்துக்கு மூன்று வயதுகூட ஆகியிருக்கவில்லை.

இத்தனை வடமும் கொக்கியும் எதற்கு, படகை அப்படியே கடலில் தள்ளிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். சரக்குக் கப்பல்களின் பின்புறத்தில், சறுக்குமேடையில் மூக்கைக் கீழே நீட்டி நிற்கும் ஆரஞ்சு நிறப் படகைத் தூத்துக்குடியிலோ எண்ணூரிலோ பார்த்தவர்கள் உண்டு. அது அப்படிப் பாய்வதற்காகச் செய்யப்பட்டதுதான். எல்லோரும் உள்ளே ஏறி, கதவை மூடி, இடுப்பிலும் தோளிலும் பட்டை மாட்டிக்கொண்டு, கைநெம்புகோலை அடித்தால் பிடி விடும். படகு சறுக்கி, காற்றில் பறந்து, நீருக்குள் மூழ்கி, சற்றுத் தள்ளி எழும். விழுந்த வேகமே அதைக் கப்பலை விட்டு அப்பால் கொண்டுபோய்விடும். இருக்கைகள் பின்பக்கம் பார்த்திருக்கும்; நீர் படகை நிறுத்தும்போது உடல் முதுகுச் சாய்மானத்தில் அழுந்துமே தவிர முன்னால் தூக்கி எறியப்படாது. 2006 ஜூலைக்குப் பின் கட்டப்படும் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கு இந்தப் படகு கட்டாயம். தாதுவும் நிலக்கரியும் ஏற்றிய கப்பல் மூழ்கத் தொடங்கினால் நிமிடக்கணக்கில் போய்விடும்; அங்கே வடம் விட்டு இறக்க நேரமிருக்காது.

பயணிகள் கப்பலில் இதை வைப்பதில்லை. இருபது பேர் கொண்ட பயிற்சி பெற்ற மாலுமிக் கூட்டத்துக்குப் பொருந்துவது, கைக்குழந்தைக்கும் எண்பது வயதுக்காரருக்கும் எலும்பு முறிந்தவருக்கும் பொருந்தாது. எனவே மூவாயிரம் பேர் பயணம் செய்யும் உல்லாசக் கப்பல், இன்றும் வெலின் காலத்துத் தத்துவத்தையே நம்பியிருக்கிறது: இரண்டு கை, இரண்டு வடம், இரண்டு கொக்கி.

சென்னையிலும் தூத்துக்குடியிலும் கப்பல் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் உயிர்காப்புப் படகுப் பயிற்சியில் தேறித்தான் கப்பலேற முடியும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்களை ஏற்றி இறக்குவதற்கு முன், படகைக் காலியாக ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்க்கச் சொல்லிச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதலே இருக்கிறது. கொக்கி முழுசாக மூடியிருக்கிறதா என்பதை நெம்புகோலின் நிலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அணியத்துக்கும் அமரத்துக்கும் போய், கொக்கியையும் அதற்கு முட்டுக்கொடுக்கும் அச்சையும் நேரில் பாருங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும், பயிற்சி நாளில் அதற்கு நேரம் உண்டு.